நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு…

தலைக்காயத்தில் உயிர் பிழைத்தவர்களுக்கு உடற்பயிற்சியும் ஒரு மருந்து. அதை அளவு சொல்லிக் கொடுப்பது யார்?

“உயிருக்கு ஆபத்து இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த குடும்பத்துக்கு இதைவிட இனிய சொல் கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை, வலிப்பு வராமலிருக்க மாத்திரை, அடுத்த மாதம் வந்து காட்டச் சொல்லி ஒரு தேதி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் வீடு வந்து சேர்கிறார்கள். வந்தவர் கண் திறந்து பார்க்கிறார். ஆனால், தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. ஒரு பக்கக் கை மடங்கியே கிடக்கிறது. பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொல் பதில் வருகிறது. சில நாள் அதுவும் இல்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று அந்த உறையைப் பிரித்துத் தேடினால், பல நேரம் ஒரே ஒரு வரிதான் கிடைக்கிறது: ‘பிசியோதெரபி தொடரவும்.’

அந்த ஒரு வரிக்குள் ஓராண்டு வேலை இருக்கிறது. அதை யார் செய்வது, எப்படிச் செய்வது, எவ்வளவு செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல்தான் காப்பாற்றப்பட்ட பல உயிர்கள் கட்டிலோடு நின்றுபோகின்றன.

வண்டி பெருகிய புறநகர்

இந்தத் தலைக்காயங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க, சென்னையின் தென்புறநகரான மாடம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ஊர். தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்துக் கட்டுமானம். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பேரூராட்சி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்தது. சேலையூர், செம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆனால், வேலை இருப்பது வேறு இடத்தில். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி வேளச்சேரி சாலைக்கோ, கேம்ப் ரோடு வழியாக ஜி.எஸ்.டி. சாலைக்கோ, மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆருக்கோ போயாக வேண்டும். பெரும்பாலானோர் போவது இருசக்கர வாகனத்தில்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 66.5 சதவிகிதம் பேர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். சம்பாதிக்கிற வயது, பிள்ளை வளர்க்கிற வயது.

இறந்தவர்களின் எண்ணிக்கை அச்சில் வருகிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்து, பாதி நினைவோடும் பாதி நடையோடும் வீடு திரும்பியவர்களைத் தனியாகக் கணக்கெடுத்து யாரும் மக்கள் முன் வைப்பதில்லை. இந்தியாவில் தலைக்காயங்களில் சுமார் 60 சதவிகிதம் சாலை விபத்தாலும், 20 முதல் 25 சதவிகிதம் கீழே விழுவதாலும், 10 சதவிகிதம் வன்முறையாலும் ஏற்படுவதாக பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன. ‘கீழே விழுவது’ என்பதும் இந்தப் புறநகருக்கு அந்நியமானது இல்லை. குளியலறையில் வழுக்கும் முதியவர் ஒருபுறம். புதிது புதிதாக எழும் கட்டடங்களின் சாரத்தில் நின்று வேலை செய்யும் பெயின்டரும் சென்டரிங் தொழிலாளியும் மறுபுறம்.

இதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிவது தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதம் குறைக்கிறது. ‘பக்கத்துக் கடைக்குத்தானே’ என்று கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிற ஹெல்மெட் எந்தத் தலையையும் காக்காது.

வென்ற பாதி

விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தைக் கையாள்வதில் தமிழ்நாடு நிறையச் செய்திருக்கிறது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பர் 18-ல் செங்கல்பட்டு மாவட்டம் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். தாம்பரத்தில் சாலை விபத்தில் அடிபடும் பீகார் தொழிலாளிக்கும் அது பொருந்தும். பெருமைப்பட வேண்டிய திட்டம் இது.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்பு வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார். அடிபட்ட தலையைத் திறந்து உயிரைக் காப்பாற்றும் கலை இந்த மண்ணில் முக்கால் நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது.

உயிர் பிரிவதையும் தமிழ்நாடு எதிர்கொண்டிருக்கிறது. 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த சிறுவன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானமளித்தார்கள். அதன்பிறகு ‘மூளைச்சாவு’ என்ற சொல் தமிழ்நாட்டின் கடைக்கோடி வீடு வரை போய்ச் சேர்ந்தது.

விபத்தின் முதல் மணி நேரத்தையும் வாழ்வின் கடைசி மணி நேரத்தையும் நாம் கற்றுக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவே, பிழைத்து வந்தவர் மறுபடி எழுந்து நடமாடுவதற்குத் தேவையான மாதங்களைத்தான் இன்னும் கற்கவில்லை.

மூளை அடிபட்டால் உடம்புக்கு ஏன் பயிற்சி?

செத்துப்போன மூளைச் செல்கள் திரும்ப வளர்வதில்லை. ஆனால், சுற்றியிருக்கும் செல்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ள முடியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டைத் தோண்டிப்போட்டால் வண்டிகள் உள்தெருக்களில் புகுந்து வழி கண்டுபிடிப்பதுபோல, மூளையும் மாற்றுப் பாதை போடுகிறது. நாள்தோறும் வண்டி ஓடினால்தான் அந்தப் பாதை நிலைக்கும். அதனால்தான் கையை ஒருமுறை தூக்கினால் போதாது. நூற்றுக்கணக்கான முறை, அதுவும் ஒரு வேலையை உத்தேசித்துத் தூக்க வேண்டும். டம்ளரை எடுக்க, சட்டைப் பொத்தானைப் போட, கதவைத் திறக்க. இலக்கு இல்லாமல் மேலும் கீழும் ஆட்டுவதைவிட, ஒரு காரியத்துக்காக நகர்த்தும் கைதான் மூளைக்குப் பாடம் சொல்கிறது.

இரண்டாவது காரணம், மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியில் இருக்கிறது. வேகநடை, சைக்கிள் மிதித்தல் போன்றவை இதயத்துடிப்பைக் கூட்டும்போது, நரம்புச் செல்கள் பிழைத்து வளர உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் அதிகரிக்கிறது. மூன்றாவது காரணம் மிக எளியது. மாதக்கணக்கில் படுத்திருந்த உடம்பு தளர்ந்துவிடுகிறது. கடுமையான தலைக்காயத்திலிருந்து மீண்டவர்களின் உடல்தாங்குதிறன், அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ‘கொஞ்ச தூரம் நடந்தாலே அசந்துபோறார்’ என்று வீட்டார் சொல்வதில், மூளையின் களைப்போடு இந்தத் தளர்ச்சியும் கலந்திருக்கிறது.

எப்போது தொடங்குவது? இதில் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது. 2004-ல் கலிஃபோர்னியாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், காயம்பட்ட முதல் வாரத்திலேயே ஓடவிட்ட எலிகளுக்குப் பயன் கிடைக்கவில்லை. கற்கும் திறன் பாதிக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ஓடிய எலிகளிடம் அந்தப் புரதமும் கூடியது, கற்கும் திறனும் மேம்பட்டது. மனிதர்களில், லேசான தலை அதிர்ச்சிக்கு ‘இருட்டறையில் படுத்துக் கிட’ என்று சொல்லும் பழைய வழக்கம் மாறிவிட்டது. 2019-ல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு, விளையாட்டில் தலையில் அடிபட்ட 103 பதின்வயதினரிடம் நடத்திய ஆய்வில், தலைவலி கூடாத அளவுக்கு மிதமான ஏரோபிக் பயிற்சி செய்தவர்களில் பாதிப்பேர் 13 நாள்களுக்குள் தேறினார்கள். உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 17 நாள்கள். இப்போதைய வழிகாட்டுதலின்படி, லேசான அடிக்கு ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு மெதுநடை தொடங்கலாம்.

கடுமையான காயத்தில் ஆதாரம் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பாய்வால் 8 ஆய்வுகளைத்தான் கணக்கில் எடுக்க முடிந்தது. இதய, நுரையீரல் திறன் கூடுவதற்கான அறிகுறிகள் தெரிந்தாலும், பெரிய ஆய்வுகள் தேவை என்றது அது. எனவே, ‘மூன்றே மாதத்தில் பழையபடி ஆக்கிவிடுகிறோம்’ என்று எவராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். பயிற்சி மூளையை அடிபடாத நிலைக்குத் திருப்பிவிடாது. மிஞ்சியிருப்பதை முழுமையாகப் பயன்படுத்த வழி திறக்கும். ஒரு குடும்பத்துக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

வேலூர் காட்டிய வழி

1954-ல் நடந்த ஒரு சாலை விபத்து, இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்தின் திசையையே மாற்றியது. வேலூர் சி.எம்.சி-யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் அந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அங்கே பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி-யில் அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளாகத் தங்கவைத்து, எழுந்து உட்காருவதிலிருந்து சமைப்பது வரை பயிற்சி தரும் இடம் அது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருக்கு நேர்ந்தது தலைக்காயம் இல்லை என்றாலும், அவர் நிலைநாட்டிய கொள்கை இங்கும் பொருந்தும்: உயிரைக் காப்பாற்றியதோடு மருத்துவரின் பொறுப்பு முடிவதில்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொரு பெயர் நினைவிருக்கும். 1962 மார்ச்சில் பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரல் அவருக்காக ரத்தம் கொடுத்தார். பிறகு வேலூரில் டாக்டர் சாண்டி அவருடைய தலையில் உலோகத் தகடு பொருத்தினார். இந்திய அணியில் மறுபடி இடம் கிடைக்கவில்லை. ஆனாலும், ஓராண்டுக்குள் முதல்தர கிரிக்கெட்டுக்குத் திரும்பி, 1970-71 பருவம் வரை ஆடினார். அந்தத் தகடு 2022-ல்தான் அகற்றப்பட்டது. தலைக்காயத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் ஓர் உதாரணம். அவரைப்போல எல்லாரும் திரும்பிவிட முடியாது என்பதும் உண்மை.

ஒரு வீட்டின் காலை ஏழு மணி

மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கணவருக்கு முப்பத்தைந்து வயது. தலையின் இடப்பக்கம் பள்ளமாக இருக்கிறது. மூளை வீங்கியபோது அழுத்தம் குறைய மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து, கெடாமலிருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ‘எலும்பு வயித்துல இருக்கு’ என்று விசாரிக்க வருகிறவர்களிடம் வீட்டார் சொல்வார்கள். வீக்கம் வடிந்து அதை மறுபடி பொருத்தும்வரை, அவர் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் தலைக்குப் பாதுகாப்பு ஹெல்மெட் வேண்டும். இடது மூளையில் அடி என்பதால் வலது கையும் காலும் பலவீனம், பேச்சும் தடுமாற்றம்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் நடக்கவைப்பதில்லை. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்காரவைக்கிறார்.

“அண்ணா, ரெண்டு பாதத்தையும் கொஞ்சம் பின்னாடி இழுங்க. மூக்கு முட்டிக்கு மேல வர்ற மாதிரி குனிங்க. இப்ப எழுந்திருங்க.”

பலவீனமான வலப்பக்கம் மனைவி நிற்கிறார். பதற்றத்தில் கையைப் பிடித்துத் தூக்கப் போகிறார். “அக்கா, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள்பட்டை எறங்கிடும். இடுப்பைப் பிடிங்க.” எழுந்ததும் ஐந்து எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு பொத்தென்று விழாமல், மெதுவாக உட்கார வேண்டும். உட்காருவதும் பயிற்சிதான், தொடையின் தசைகள் கட்டுப்பாட்டோடு நீளக் கற்பது அப்போதுதான். ஒரு சுற்றுக்கு ஐந்து முறை, நடுவில் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரங்கள் போகப் போக எண்ணிக்கை கூடும். நாற்காலியின் உயரம் குறையும். கடைசி இலக்கு, தரையிலிருந்து கையூன்றி எழுவது. பாயில் உட்கார்ந்து எழவும் பேருந்துப் படியில் கால் வைக்கவும் ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏறவும் வேண்டிய வலிமை இந்த ஒரு பயிற்சியிலிருந்து தொடங்குகிறது.

கைக்கான பயிற்சிக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். தட்டு போதும். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, சாப்பாட்டு நேரமே பயிற்சி நேரம். முதலில் இட்லித் துண்டு: விரலால் பற்றி வாய்வரை கொண்டுபோனால் போதும். அடுத்தது தோசை: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்திப் பிடிக்க, மற்ற விரல்கள் கிழிக்க வேண்டும். அதற்குப் பிறகு குழம்புச் சாதம்: பிசைந்து, திரட்டி, விரல் நுனியில் ஏந்தி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். ரசம் சாதம் கடைசி வகுப்பு. பூண்டு உரிப்பது, பூக்கட்டுவது, துணி பிழிந்து கொடியில் போடுவது, புள்ளி எண்ணிக் கோலம் போடுவது என்று நம் வீடுகளின் அன்றாட வேலைகளுக்குள்ளேயே கைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் சேர்ந்த பயிற்சி இருக்கிறது.

அன்பு கொஞ்சம் பொறுக்கட்டும்

இந்த வேலைக்கு வீட்டில் வரும் முதல் தடை அன்பு. செத்துப் பிழைத்து வந்த பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மாவாலும் சும்மா இருக்க முடியாது. ஊட்டிவிடுகிறார், சட்டை மாட்டிவிடுகிறார், தண்ணீரை வாயருகே கொண்டுபோகிறார். ‘நீ ரெஸ்ட் எடு கண்ணு’ என்கிறார். ஒரு வாய் சோற்றைப் பிள்ளை தானாக எடுக்க ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இப்போது அம்மாவிடம் கேட்கப்படும் பெரிய தியாகம். வேளாவேளைக்கு ஊட்டிவிடும்போது, ஒரு நாளைக்குப் பல நூறு முறை அசைந்திருக்க வேண்டிய விரல்கள் அசையாமலே போகின்றன.

இரண்டாவது தடை, அடிபட்டவரைத் தவறாகப் புரிந்துகொள்வது. ‘சோம்பேறி ஆயிட்டான். சொன்னாத்தான் செய்யறான். இல்லன்னா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்’ என்று வருத்தப்படும் குடும்பங்கள் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலில் அடிபட்டால், ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கும் திறனே குறைந்துவிடும். செய்யத் தெரியும், செய்ய முடியும். ஆனால் தொடங்க முடியாது. திட்டினாலும் கெஞ்சினாலும் அது மாறாது. நேரம் வகுத்துக்கொள்வது உதவும்: தினமும் ஒரே வேளை, ஒரே இடம், ஒரே வரிசை, சுவரில் ஒட்டிய பட்டியல், போனில் அலாரம், கூடவே ஓர் ஆள். எரிச்சலும் திடீர்க் கோபமும் காயத்தின் விளைவாக இருக்கலாம். அதற்காக அடியையும் வசையையும் மனைவி சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. மனநல மருத்துவரின் உதவியும் இந்தச் சிகிச்சையில் அடக்கம்.

பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆளைத் தூக்கித் தூக்கி அவர்கள் முதுகு போய்விட்டால் வீட்டில் இரண்டு நோயாளிகள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, எங்கே பிடிப்பது, முட்டியை எப்படி மடக்கி நிற்பது என்பதை மருத்துவமனையிலேயே குறைந்தது இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ மைத்துனரோ மாலையில் அரை மணி நேரம் கூட நடந்தால், அந்த அரை மணி நேரம் மனைவிக்கும் ஓய்வு.

எவ்வளவு, எங்கே, எப்போது நிறுத்துவது?

* அளவு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாற்றுத்திறனாளிகளுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியை இலக்காகச் சொல்கிறது. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் தவறில்லை.

* இடம்: நடைபாதை இல்லாத தெருவைவிட, அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள வாகன நிறுத்துமிடம் பாதுகாப்பானது: சமதளம், நிழல், மழைக்கும் ஒதுங்கலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி வேண்டாம். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

* அடுத்த படி: நடை உறுதியானதும், நடந்துகொண்டே கடைப் பெயர்களைப் படிப்பது, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. தெருவைக் கடக்கும்போது மூளை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். இது அதற்கான தயாரிப்பு.

* தவிர்க்க: வலிப்பு வந்தவர்கள் தனியாக நீந்தவோ வண்டி ஓட்டவோ கூடாது. இறுகிய மூட்டை எண்ணெய் போட்டு வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது. தசை கிழியலாம், எலும்பும் முறியலாம்.

* உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல: கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல்.

* படுக்கையில் இருப்பவருக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், எல்லா மூட்டுகளையும் தினமும் மெதுவாக அசைத்துவிடுவதும் பயிற்சிதான். படுக்கைப் புண்ணைத் தடுக்கவும் மூட்டு மடங்கிப்போகாமல் காக்கவும் இவை அவசியம்.

உதவி எங்கே கிடைக்கும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இதை ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைக்கான திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. சோழிங்கநல்லூரில், மாநில அரசின் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையம் பல தெரபிகளை ஒரே கூரையின்கீழ் தருகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகிறது.

ஆனாலும், பல வீடுகளுக்குப் போக வேண்டிய தெரபிஸ்ட்டால் ஒரே வீட்டுக்குத் தினமும் வர முடியாது. மையங்களுக்குப் போக ஆட்டோ வேண்டும், உடன் செல்ல ஓர் ஆள் வேலைக்கு லீவு போட வேண்டும். இடைப்பட்ட நாள்களில் வீட்டாரே தெரபிஸ்ட். எனவே, தெரபிஸ்ட் வரும் நாளில் பயிற்சியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அனுமதி வாங்கி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருகைவரை அதையே செய்யுங்கள்.

சட்டம் பார்க்காத காயம்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயத்தால் வரும் மூளைப் பாதிப்பு அந்தப் பட்டியலில் தனிப்பெயராக இல்லை. கை, கால் செயலிழப்பு கண்ணுக்குத் தெரிவதால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் சான்று பெறலாம். மறதி, கவனச் சிதறல், முடிவெடுக்க முடியாமை, சட்டென்று வெடிக்கும் கோபம் ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ‘நல்லாத்தானே நடக்குறார்’ என்று அலுவலகத்தில் கேட்டால், குடும்பத்தால் பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால், அவரால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

செய்ய வேண்டியவை நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், தமிழில், படத்தோடு, எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிய பக்கம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர வேண்டும். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றவரின் பெயர், அவர் வீடு திரும்பும் நாளிலேயே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். குடும்பம் அலைந்து திரிந்து கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அவர் நடக்கிறாரா, பேசுகிறாரா, வேலைக்குப் போகிறாரா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சிப் பூங்காக்களில் கைப்பிடியுடன் ஒரு சமதள நடைபாதையும், அருகருகே உட்கார இருக்கைகளும் வேண்டும். சட்டப் பட்டியலில் தலைக்காயத்தைச் சேர்க்க மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரர், கையில் பணம் இருக்கிறதா என்று கேட்காமல் 48 மணி நேரம் அவரைத் தாங்கிப் பிடிக்கும் மாநிலம் இது. அவ்வளவு செலவும் உழைப்பும் போட்டு மீட்ட உயிரை, அதன்பின் ஒரு வரி எழுதிய காகிதத்தோடு அனுப்பிவைப்பது அந்த உழைப்புக்கே செய்யும் அநீதி. முதல் 48 மணி நேரத்துக்கு ஓர் அரசாணை போட நம்மால் முடிந்தது. அடுத்த 12 மாதங்களுக்கும் ஓர் அரசாணை வேண்டும்.